மனைவிக்கு ஏன் மருந்து வேலை செய்யவில்லை?

"மேடம், நான் விஷுவல் லேர்னர். எனக்குப் படிச்சா ஏறாது."

சொன்னவன் முதலாமாண்டு மாணவன். கையில் 20-க்கு 6 வாங்கிய விடைத்தாள். மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்லி வரவில்லை, சண்டைக்கும் வரவில்லை. ரத்த வகையைக் கேட்டால் சொல்வார்களே, அந்த மாதிரி ஒரு தகவலாகச் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்த வகையை அவனுக்கு எழுதிக் கொடுத்ததே நான். பருவம் தொடங்கிய முதல் வாரத்தில், ஒருவரை ஒருவர் இன்னும் பழகாத வகுப்பில், ஒரு மணி நேரத்தை ஓட்டுவதற்காகக் கேள்விப்படிவம் ஒன்றைக் கொடுத்திருந்தேன். 16 கேள்விகள். ஒருவருக்கு வழி சொல்ல வேண்டுமென்றால் வரைபடம் போட்டுக் காட்டுவீர்களா, வாயால் சொல்வீர்களா, எழுதிக் கொடுப்பீர்களா, கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வருவீர்களா என்கிற ரகம். கடைசியில் கூட்டிப் பார்த்தால் நீங்கள் பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, படித்தும் எழுதியும் கற்பவரா, செய்து கற்பவரா என்று தெரிந்துவிடும். சிரித்துக்கொண்டே நிரப்பினார்கள். பக்கத்தில் இருப்பவர் என்ன வகை என்று எட்டிப் பார்த்தார்கள். வகுப்பு நன்றாகப் போனது என்று நானும் திருப்தியாகப் போய்விட்டேன். ஏழு வாரம் கழித்து அந்தப் படிவம் மருத்துவச் சான்றிதழ் போல என் மேசைக்குத் திரும்பி வந்து நின்றது.

நான் நடத்துவது வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த ஒரு பொதுத் தாள். எல்லாத் துறைப் பிள்ளைகளும் வருவார்கள். நான்கைந்து பக்கக் கட்டுரையைக் கையில் கொடுத்தால் அது என்ன சொல்கிறது, எதை வைத்துச் சொல்கிறது என்று படித்துச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தாளின் நோக்கம். பத்து வருடத்துக்கு மேல் இதைச் செய்கிறேன். அந்தப் பையன் போனபிறகு உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது: வாசித்துப் புரிந்துகொள்வதை நான் சோதித்திருக்கிறேன், மதிப்பெண் போட்டிருக்கிறேன், புலம்பியிருக்கிறேன். கற்றுக்கொடுத்ததாக ஒரு நாளையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள் என்பேன். பாதிப் பேர் படிக்காமல் வருவார்கள். அதனால் ஸ்லைடு போட்டு நானே சாரத்தைச் சொல்வேன். சாரம் எப்படியும் வகுப்பில் கிடைத்துவிடும் என்று தெரிந்ததும் மீதிப் பாதியும் படிப்பதை நிறுத்திவிடும். படிக்காமல் வருகிறார்களே என்று ஸ்லைடைக் கூட்டினேன், ஸ்லைடு இருக்கிறதே என்று அவர்கள் படிப்பதைக் குறைத்தார்கள். இந்தச் சுழல் எங்கே தொடங்கியது என்று இரு தரப்பிலும் யாருக்கும் நினைவில்லை.

படம் அழகாகத்தான் இருந்தது

அவன் 6 வாங்கிய தேர்வுக்குக் கொடுத்திருந்தது நான்கு பக்க ஆங்கிலக் கட்டுரை. ஆன்டிபயாடிக் மருந்துகள் ஏன் வரவர வேலை செய்யாமல் போகின்றன என்பது விஷயம். பொது வாசகருக்கு எழுதியது, வாயில் நுழையாத சொற்கள் அதிகம் இல்லை.

"சரி, படிச்சா ஏறாதுன்னா, ஏறினதை வரைஞ்சு காட்டு" என்றேன். கொஞ்சம் எரிச்சலில்தான் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் அதை எரிச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. நோட்டைத் திறந்து பென்சிலால் வரைய ஆரம்பித்துவிட்டான். நன்றாக வரைகிற கை. வரிசையாக நான்கு மனித உருவங்கள். முதல் ஆளின் வயிற்றுக்குள் மாத்திரைகள் விழுகின்றன. இரண்டாவது படத்தில் உடம்பைச் சுற்றி மெல்லிய கோடு. மூன்றாவதில் அந்தக் கோடு தடித்துக் கவசமாகிறது. நான்காவதில் மாத்திரைகள் கவசத்தில் மோதித் தெறிக்கின்றன. கீழே 'ரெசிஸ்டன்ஸ்' என்று எழுதி அடிக்கோடும் போட்டான். கட்டுரை சொல்லியிருந்ததற்கு நேர் எதிரான படம். மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்வது கிருமி. அவன் படத்தில் கற்றுக்கொண்டது மனிதன்.

இது சோம்பேறித்தனத்தில் வந்த பிழை என்று தள்ள முடியவில்லை. 'ரெசிஸ்டன்ஸ்' என்றால் எதிர்ப்பு. எதிர்ப்பு என்றதும் நம் நாக்கில் அடுத்து வருவது சக்தி. எதிர்ப்புச் சக்தி என்பது எப்போதும் உடம்புடையது, கிருமிக்கு எதிர்ப்புச் சக்தி என்று யாரும் பேச்சுவாக்கில் சொல்வதில்லை. கூடவே, மாத்திரையை அடிக்கடி போட்டால் உடம்பு பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பான். இந்த இரண்டும் சேர்ந்து, முதல் பத்தி முடிவதற்குள் கட்டுரை எதைப் பற்றியது என்பது அவனுக்குத் தீர்மானமாகிவிட்டது. அதன்பிறகு வந்த ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்தத் தீர்மானத்துக்குள் உட்கார வைத்திருக்கிறான். மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று ஏன் போட்டிருக்கிறது என்று கேட்டேன். "பாதியில நிறுத்துனா உடம்பு அரைகுறையாப் பழகிக்கும், அடுத்த தடவை மருந்து சேராது மேடம்." புது மருந்துகள் ஏன் வேண்டும்? "பழகாத மருந்தா இருக்கணும்ல." எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. படித்தால் ஏறாது என்றவனுக்கு நான்கு பக்கமும் ஏறியிருந்தது. தப்பான வீட்டில் குடியேறியிருந்தது, அவ்வளவே.

வாசிப்புச் சிக்கல் என்றவுடன் நாங்கள் ஆசிரியர்கள் முதலில் பிடிப்பது சொல்வளத்தை. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிறமொழிப் பனுவலை யார் உதவியும் இல்லாமல் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது ஹூவும் பால் நேஷனும் 2000-இல் எழுதிய ஆய்விலிருந்து பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. 98 என்பது கேட்க அதிகமாகத் தெரியும். ஆனால் 50 சொல்லுக்கு ஒன்று தெரியாவிட்டாலே ஒரு பக்கத்தில் ஐந்தாறு இடத்தில் தடுக்கும், யோசித்தால் சரிதான். இருந்தாலும் இந்தப் பையனைக் கவிழ்த்தது தெரியாத சொல் இல்லை. 'ரெசிஸ்டன்ஸ்' அவனுக்குத் தெரியும், எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான். தெரியாத சொல்லுக்காவது அகராதியைத் திறக்கத் தோன்றும். தெரிந்த சொல் ஏமாற்றும்போது எதைத் திறப்பது?

மூன்றாம் பக்கம்

கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் வருகிறார். 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையின் முடிவில் அவர் சொன்ன ஒரு கற்பனைக் கதை. திருவாளர் எக்ஸ் என்று ஒருவர். தொண்டை வலிக்கிறது. தாமாகவே பெனிசிலின் வாங்கிக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். கிருமியைக் கொல்ல அந்த அளவு போதாது, எதிர்த்து நிற்க அதற்குக் கற்றுக்கொடுக்கப் போதும். பிறகு அவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா வருகிறது, பெனிசிலின் கொடுக்கிறார்கள், பலன் இல்லை, இறந்துவிடுகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, கணவர்தான் என்கிறார் ஃபிளெமிங். (அந்தக் கேள்விப்படிவத்தை உருவாக்கியவரும் ஒரு ஃபிளெமிங். நீல் ஃபிளெமிங், நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர், 1992-இல் காலீன் மில்ஸ் என்பவரோடு சேர்ந்து அதைப் பற்றி எழுதினார். அன்று என் மேசைமேல் இரண்டு ஃபிளெமிங்குகளும் அருகருகே கிடந்தார்கள்.)

"இந்தக் கதை உன் படத்துல எங்க வருது?" என்று கேட்டேன். முதல் உருவத்தைத் தொட்டு, "இவர்தான் எக்ஸ்" என்றான். "அப்ப மனைவி?"

பக்கத்தில் இடம் இருந்தது, மனைவியை வரைந்தான். கவசம் போடவில்லை, அவர்தான் இதுவரை மாத்திரையே சாப்பிடவில்லையே. வயிற்றுக்குள் நான்கைந்து மாத்திரைகளைப் புள்ளி வைத்தான். வைத்த பென்சில் அங்கேயே நின்றது. "இவங்களுக்குக் கவசம் இல்லையே மேடம். மருந்து வேலை செஞ்சிருக்கணுமே."

நான் பதில் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். விளக்கம் நாக்கின் நுனியில் இருந்தது. பத்து வருடப் பழக்கம் அது, மௌனம் வந்தால் உடனே நிரப்பிவிடுவேன். அன்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் மூன்றாம் பக்கத்தைத் திரும்ப எடுத்து, சின்னப் பிள்ளை போல விரலை வைத்துப் படித்தான். ஒரு வாக்கியத்தில் விரல் நின்றது, பின்னால் போனது, திரும்ப வந்தது. "அப்போ... மாறுனது அவர் இல்ல. உள்ள இருந்த கிருமி. அதுதான் இவங்ககிட்ட போயிருக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்க்கக்கூட இல்லை. முதல் பக்கத்துக்குப் போய் ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கினான். எனக்கு அடுத்த வகுப்பு இருந்தது. 20 நிமிடம் தாமதமாகப் போனேன்.

நான் அதைத் தப்பாகச் சொன்ன வாரம்

அடுத்த ஒரு வாரம் இதைச் சக ஆசிரியர்களிடம் சொல்லிக்கொண்டே திரிந்தேன். "அவன் விஷுவல் டைப். படமா வரையச் சொன்னேன், பிடிச்சுக்கிட்டான்." எல்லோரும் தலையாட்டினார்கள். மிக எளிதாகத் தலையாட்டினார்கள் என்பதுதான் பிறகு உறுத்தியது. உண்மையில் படம் அவனைக் காப்பாற்றவில்லையே. நான்கு உருவங்களையும் வரைந்து முடித்தபோது அவன் தன் தப்பில் முன்னைவிட உறுதியாக இருந்தான். படம் தப்பை அழகாக்கிக் கொடுத்திருந்தது. உடைத்தது மனைவி. அவன் நம்பிய கதை உண்மையானால் பிழைத்திருக்க வேண்டிய ஒருவர், பனுவலுக்குள் செத்துக் கிடந்தார். படத்தால் வந்த லாபம் எனக்குத்தான்: அவன் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதை முதன்முறையாக நான் பார்த்தேன். 20-க்கு 6 என்கிற எண் அதைக் காட்டியிருக்கவில்லை.

வால்டர் கின்ட்ஷ் என்ற உளவியலாளர் வாசிப்பை இரண்டு தளமாகப் பிரித்துப் பேசுவார். வாக்கியங்கள் சொல்வதைச் சொன்னபடி பிடித்துக்கொள்வது ஒன்று. அவை விவரிக்கிற உலகத்தை, யார் எங்கே இருக்கிறார், எது எதை மாற்றுகிறது என்பதை, மனத்துக்குள் கட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைக் கட்ட நாம் ஏற்கெனவே அறிந்ததைத்தான் செங்கல்லாகப் போடுகிறோம். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பகுதியொன்றைக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வுகளில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இந்த ஆய்வை முன்னறிவு உதவும் என்பதற்குச் சொல்வார்கள். என் மாணவன் அதன் மறுபக்கம். அவனிடமும் முன்னறிவு இருந்தது, தப்பான முன்னறிவு, அதுவும் அதே சுறுசுறுப்போடு வேலை செய்தது. அந்தத் தேர்வில் எட்டுப் பத்துப் பேர் இதே தப்பைச் செய்திருந்தார்கள் என்பதை விடைத்தாள்களைத் திரும்பப் புரட்டியபோது கண்டேன். படிவத்தின்படி அவர்களில் நான்கு வகையும் இருந்தது.

ஒவ்வொருவருக்கும் கற்க ஒரு தனி வழி உண்டு என்கிற இந்தக் 'கற்றல் பாணி' விஷயத்தைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். படிவத்தைக் கொடுப்பதற்கு முன் படித்திருக்க வேண்டும். 2004-இல் பிரிட்டனில் காஃபீல்டும் குழுவினரும் கணக்கெடுத்தபோது இப்படிப்பட்ட பாணிப் பகுப்புகள் மட்டும் 71 கிடைத்தனவாம். 2015-இல் ராகாவ்ஸ்கி, கால்ஹூன், டாலல் மூவரும் வாசிப்புப் புரிதலிலேயே நேராகக் கை வைத்தார்கள். பட்டம் பெற்ற பெரியவர்கள். கேட்டுக் கற்பது பிடிக்கும் என்பவர், எழுத்தைப் பார்த்துக் கற்பது பிடிக்கும் என்பவர் என்று விருப்பம் பார்த்தார்கள். ஒரே நூலின் பகுதிகளைச் சிலருக்கு ஒலியாகவும் சிலருக்குத் திரையில் எழுத்தாகவும் கொடுத்தார்கள். உடனே ஒரு தேர்வு, இரண்டு வாரம் கழித்து ஒரு தேர்வு. விருப்பத்துக்கும் வடிவத்துக்கும் பொருத்தம் இருந்ததால் யாருக்கும் கூடுதலாகப் புரிந்துவிடவில்லை. இந்தியானாவில் உடற்கூறியல் மாணவர்களிடம் ஹஸ்மன், ஓலாக்லின் இருவரும் பார்த்தது எனக்கு இன்னும் வேடிக்கையாகப் பட்டது: நான் கொடுத்த அதே படிவம்தான். அது சொன்ன வகைப்படி பெரும்பாலான மாணவர்கள் படிக்கவே இல்லை. படித்த சிலரும் அதனால் தேர்வில் முந்தவில்லை.

விருப்பம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு வரையப் பிடிக்கிறது, வரைந்தால் உட்கார்ந்திருப்பான், அது சின்ன விஷயம் இல்லை. எழுத்துக் கூட்டுவதிலேயே உடற்கூறு சார்ந்த சிரமம் உள்ளவர்கள், பார்வையில்லாதவர்கள் கதை முற்றிலும் வேறு. அவர்களுக்கு ஒலிநூல் உரிமை, அதைப் பாணி என்று சொல்வதே அவமரியாதை. என் தகராறு 'எனக்குப் படிச்சா ஏறாது' என்கிற வாக்கியத்தோடு. அந்தப் பையன் படிவத்தை வைத்துக்கொண்டு தன்னைத் தெரிந்துகொள்ளவில்லை, வாசிப்பிலிருந்து விடுமுறை எடுத்துக்கொண்டான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். மேலும், வடிவம் யாருக்குப் பொருந்துகிறது என்று தேடியதில் எதற்குப் பொருந்துகிறது என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதைப் படம் போட்டால் செய்து கற்பவருக்கும் கேட்டுக் கற்பவருக்கும்கூடத் தெளியும். ஓசையால் நிற்கும் கவிதையை வாய்விட்டுப் படித்தால்தான் பார்த்துக் கற்பவருக்கும் பிடிபடும். ஒரு சட்ட விதியில் 'எனினும்' வரும் இடத்தைப் படமாகப் போட முயன்று பாருங்கள்.

நடத்தாத வகுப்பு

ஸ்லைடுகளை நிறுத்தினேன். வீரமாக ஒன்றும் இல்லை, ஒரு கட்டுரைக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தேன், பிறகு அடுத்ததற்கும். வகுப்பிலேயே ஒரு பத்தி, மௌனமாகப் படிக்க ஐந்து நிமிடம். தாளை மூடிவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பத்தியைச் சொல்ல வேண்டும். கேட்பவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அடுத்த பத்தி என்ன சொல்லும் என்று ஊகிக்க வேண்டும். பிறகு தாளைத் திறக்கலாம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. சுருக்கிச் சொல்வது, கேள்வி எழுப்புவது, குழப்பத்தைத் தெளிவாக்குவது, அடுத்ததை ஊகிப்பது என்ற நான்கையும் சுற்றில் விட்டு மாணவர்களையே மாறி மாறி ஆசிரியராக்கும் முறையைப் பலின்சாரும் பிரௌனும் 1984-இல் எழுதிவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் எழுத்தை நன்றாகக் கூட்டிப் படித்தும் பொருளில் தடுமாறிய பிள்ளைகளைத்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கான முறையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவருவதில் எனக்கே கொஞ்சம் கூச்சம் இருந்தது. முதல் நாளே கூச்சம் போய்விட்டது. தாளை மூடியதும் வகுப்பில் பாதிப் பேர் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம் முன்புதான் 'புரிஞ்சுது மேடம்' என்று தலையாட்டியவர்கள்.

தாளை மூடுவது என்பதை நான் அலட்சியமாகத்தான் சேர்த்தேன். அதுதான் கனமான பகுதி என்று பிறகு தெரிந்தது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்களுக்குச் சிறிய உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதைத் திரும்பத் திரும்பப் படித்தது, சராசரியாக 14 தடவை. இன்னொரு குழு மூன்று நான்கு தடவை மட்டும் படித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 14 தடவை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களிடம் 40 விழுக்காடு நின்றது, மூடிவைத்து எழுதியவர்களிடம் 61. நினைவில் நிற்பதும் புரிவதும் ஒன்றில்லைதான். ஆனால் என்னை உட்காரவைத்தது வேறு: நிறைய நினைவிருக்கும் என்று நம்பியவர்கள் 14 தடவை படித்தவர்களே. தேர்வுக்கு முந்தைய இரவு மஞ்சள் பேனாவால் பக்கம் முழுக்கக் கோடு போட்டவர்கள் மறுநாள் முகத்தில் காட்டும் அமைதி எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில் நன்னூல் ஞாபகம் வராத தமிழாசிரியர் இருக்க முடியாது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் 'காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்' என்கிறார் பவணந்தி முனிவர். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரையும் பிறருக்குச் சொல்வதில்தான் வரும். கேட்டவற்றை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று பயிலும் முறையையும் அடுக்கிவிடுகிறார். அப்போதே சொல்லிவிட்டார்கள் என்று மேடை ஏற ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் படித்தால் 10 விழுக்காடு நிற்கும், கேட்டால் 20, செய்தால் 90 என்று ஒரு முக்கோணப் படம் பயிற்சி வகுப்புகள்தோறும் சுற்றுகிறது. அது எட்கர் டேல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1946-இல் போட்ட கூம்புப் படத்திலிருந்து வந்தது என்பார்கள், டேலின் கூம்பில் எண்களே கிடையாது. அந்த எண்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காலும் அரையும் அளந்து எடுத்த கணக்கு என்று நான் சொல்ல முடியாது. பவணந்தியார் அளக்கவில்லை, வகுப்பில் நின்று பார்த்திருக்கிறார். எனக்கு அவ்வளவு போதும்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது வாரத்தில் துறைத் தலைவர் கூப்பிட்டு, நான் பாடமே நடத்துவதில்லை என்று மாணவர்கள் சொல்வதாகச் சொன்னார். உண்மைதான், முன்பு ஒரு மணி நேரத்தில் முடித்த கட்டுரை இப்போது மூன்று மணி நேரம் எடுத்தது, பாடத்திட்டத்தில் நான்கு கட்டுரைகள் தொடப்படாமலே நின்றன. கூச்சம் உள்ள இரண்டு பேர் ஜோடி பிரிக்கும் நேரம் பார்த்து வகுப்புக்கு வராமல் இருந்தார்கள். அவர்களை எழுதிக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டேன், அதை முதலிலேயே யோசித்திருக்கலாம். ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு ஆறுதலாக இருந்தது: தாங்களே முட்டி மோதிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக நினைத்தார்கள். துறைத் தலைவரிடம் இதைச் சொன்னேன். "நாலு கட்டுரை என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கிடையில் வகுப்பில் ஒரு சொல் பிறந்திருந்தது. எங்கிருந்து ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு கட்டுரையைத் தான் புரிந்துகொண்டது சரிதானா என்று உரசிப் பார்க்க உதவும் இடத்தை, தன் கதை தப்பென்றால் இடித்துக் காட்டும் அந்த ஒரு ஆளை அல்லது உதாரணத்தை, அவர்கள் 'மனைவி' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். "இந்தப் பக்கத்துல மனைவி எங்கடா?" என்று ஜோடிகளுக்குள் கேட்பது காதில் விழும். வெளியே கேட்டால் அசிங்கமாக நினைப்பார்கள் என்று கதவைச் சாத்திவிடுவேன்.

பருவத்தின் கடைசி வாரத்தில், கேள்விப்படிவத்தோடு முதல் நாள் கொடுத்திருந்த இரண்டு பக்க விளக்கத்தாளையே வாசிப்புப் பாடமாகக் கொடுத்தேன். படத்தால் கற்பவர்களுக்குப் படம் காட்டினால் நன்றாகப் புரிகிறது என்பதுதான் அதன் சாரம். ஐந்து நிமிடம் படித்தார்கள், மூடினார்கள், பேசினார்கள். வாய் திறக்காத பெண் ஒருத்தி, எழுதிக் காட்டினால் போதும் என்று நான் விட்டிருந்தவர்களில் ஒருத்தி, கையைத் தூக்கினாள். "படம் பிடிச்சவங்களுக்குப் படம் காட்டினாங்க, புரிஞ்சுதுன்னு போட்டிருக்கு. படம் பிடிக்காதவங்களுக்கும் அதே படத்தைக் காட்டிப் பாத்தாங்களான்னு எங்கயும் போடலையே. அவங்களுக்கும் புரிஞ்சிருந்தா? இதுல மனைவியே இல்ல மேடம்." 2008-இல் பாஷ்லரும் மற்ற மூன்று உளவியலாளர்களும் இந்தத் துறை முழுவதையும் அலசிவிட்டுக் கேட்டது ஏறக்குறைய இதைத்தான். ஒவ்வொரு வகையினரையும் இரண்டு முறையிலும் கற்பித்து, ஒரே தேர்வு வைத்து, ஒரு வகையினருக்கு ஒரு முறையும் மற்ற வகையினருக்கு மற்ற முறையும் கூடுதல் பலன் தருகிறதா என்று பார்த்த ஆய்வு எங்கே என்று கேட்டார்கள். தேறியவை மிகச் சில, அவற்றிலும் சில எதிராகவே பேசின. நான் அவளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

அவனுக்கு மட்டும் ஒப்பவில்லை. "இருக்கட்டும் மேடம். எனக்கு வரைஞ்சாத்தான் புரியுது, அது உண்மை" என்றான். யாரோ சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளாமல் விளக்கத்தாளின் பின்பக்கத்தைத் திருப்பி வரைய ஆரம்பித்தான். மணி அடித்து எல்லோரும் எழுந்த பிறகு எட்டிப் பார்த்தேன். நான்கு கட்டங்கள். மேலே படம், பேச்சு என்று இரண்டு தலைப்பு, பக்கவாட்டில் இரண்டு வகை ஆட்கள். மூன்று கட்டத்தில் கேள்விக்குறி போட்டிருந்தான்.